பென்சீன் கோலாட்டம்

மேடைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தபோது என் ஹைட்ரஜன் வெடித்துவிட்டது.

யாரும் பயப்பட வேண்டாம். அது ஒரு வெள்ளை பலூன். என் பின்னலின் உச்சியில் நூல் போட்டுக் கட்டியிருந்தோம். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கம், திரைக்குப் பின்னால் அரை இருட்டு, சுருட்டி வைத்த ஜமுக்காளத்தின் தூசி வாசனை. கோகிலா சடாரென்று திரும்பியதில் அவள் கொண்டை ஊசி என் பலூனில் பட்டது. 'டப்'பென்ற சத்தத்தில், மேடையில் முழங்கிக்கொண்டிருந்த வேறு பள்ளியின் பிளாஸ்டிக் அரக்கன் வசனத்தை மறந்து நின்றுவிட்டான்.

"அய்யோ வனிதா, போச்சுடி! உன் ஹைட்ரஜன் போச்சுடி!"

"கத்தாதடி. வேற இருக்குதா?"

"ஏதுடி வேற? ஆளுக்கு ஒண்ணுதான வாங்கனோம்."

நஸ்ரின் ஒரு கணம் யோசித்தாள். காலையில் யாரோ சாப்பிடாமல் மிச்சம் வைத்த இட்லியை டிபன் பாக்ஸிலிருந்து எடுத்து, உருண்டையாகப் பிடித்து, தன் வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து முடிந்து என் தலையில் கட்டினாள். "அசையாம நில்லு. அணுன்னா உருண்டையாத்தான இருக்கணும்? இருக்குது பாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமா அது? முன்வரிசையில் எங்கள் ஹெச்.எம். உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பரிசு வாங்காமல் ஊர் திரும்பினால், திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் ஆறு பேரும் சயின்ஸ் குரூப்பில் கிடையாது.

ஆறு ஃபெயில்

செல்போன் என்றால் அதில் பாம்பு விளையாட்டு மட்டும் ஓடிய காலம். கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பிளஸ் ஒன், ஃபர்ஸ்ட் குரூப். காலாண்டுத் தேர்வில் வேதியியல் தாள் வந்தபோது வகுப்பில் ஆறு பேர் ஃபெயில். அதில் நான் முக்கியமான ஃபெயில்.

சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கும், பிறகு வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தேன். கொடுத்த பாத்திரத்தைத் திரும்பக் கேட்காத ஒருத்தரையும் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. சோடியம் மட்டும் எப்படி அவ்வளவு தாராளமாக இருக்கும்?

கோகிலா இன்னும் ஒரு படி மேலே. மீத்தேனின் படம் வரையச் சொன்னதற்கு, நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் ஐந்து ஹைட்ரஜன் போட்டு, பூ மாதிரி அழகாக நிழல் எல்லாம் தீட்டியிருந்தாள். கார்பனுக்கு நாலு பிணைப்புதானேடி என்று கேட்டதற்கு, "நாலு போட்டா ஒரு பக்கம் காலியா தெரிஞ்சுது" என்றாள்.

ஹெச்.எம். வரலாற்று ஆசிரியை. வேதியியல் அவருக்கு ஆகாது, ஆனால் ரிசல்ட் என்றால் உயிர். "கெமிஸ்ட்ரில ஃபெயிலான ஆறு பேரையும் தேர்ட் குரூப்புக்கு மாத்திடுங்க. அங்கயாவது பாஸ் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார். தேர்ட் குரூப் என்றால் காமர்ஸ், அக்கவுண்டன்சி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் தம்பி அதில் படித்தவன்தான், என்னைவிட நன்றாகவே இருக்கிறான். ஆனால் அது அவன் கேட்டு எடுத்தது. எங்களுக்கு அது விரட்டி விடுவது.

குறுக்கே விழுந்து தடுத்தவர் ஸ்டெல்லா டீச்சர். எங்கள் வேதியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நாங்கள்தான் அவருடைய முதல் வகுப்பு. அப்போது மாவட்ட அளவில் ஒரு போட்டி வந்திருந்தது. ஓர் அறிவியல் கருத்தை ஆடிப் பாடி நடித்துக் காட்ட வேண்டும், நடுவர் கேட்கிற கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். "அந்த ஆறு பேரையும் நான் சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் மேடம். பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி வரும்னு காட்டறேன்" என்றார்.

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரிசோட வந்தா பாக்கலாம் ஸ்டெல்லா. வெறுங்கையோட வந்தா, திங்கக்கிழமை அவுங்க தேர்ட் குரூப்புலதான் உக்காருவாங்க."

இதை நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிட், பினாயில், பியூட்டேன்

எனக்கு எதற்கு இவ்வளவு ஃபர்ஸ்ட் குரூப் பைத்தியம் என்று கேட்பீர்கள். போன வாரம் எழுதிய பினாயில் கதைதான் காரணம். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அப்பா சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு செம்மண்டலம், மஞ்சக்குப்பம் தெருக்களில் ஆசிட், பினாயில் விற்றார். வீட்டில் கலக்குவது அம்மா. பழுப்பாக, கெட்டியாக இருக்கும் அந்தச் சரக்கை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊற்றினால், ஊற்றுகிற இடத்திலிருந்தே வெள்ளை மேகம் கிளம்பி, பக்கெட் முழுக்கப் பாலாகிவிடும்.

பழுப்பும் தண்ணியும் சேர்ந்தால் வெள்ளை எங்கிருந்து வந்தது? சின்ன வயதிலிருந்து எனக்கு இதே கேள்வி. அப்பாவைக் கேட்டால், "அது அப்பிடித்தாம்மா ஆவும்" என்பார். அம்மாவைக் கேட்டால், "கையை உள்ள உடாத" என்பார்.

பிளஸ் ஒன் முதல் வாரத்தில் ஸ்டெல்லா டீச்சரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த எண்ணெய் தண்ணீரில் கரைவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துளித்துளியாகப் பிரிந்து மிதக்கிறது, அதோடு கலந்திருக்கிற சோப்புதான் துளிகளை ஒன்று சேரவிடாமல் பிரித்து வைக்கிறது, வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது என்றார். பாலும் அப்படித்தான் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினேன். உலகத்தில் இருக்கிற எல்லாக் கேள்விக்கும் அந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது, நான்தான் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். படித்தேன் என்று சொல்லவில்லை, நினைத்தேன்.

வீட்டில் உரக்க மனப்பாடம் செய்வேன். மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன். ஒரு கார்பன், இரண்டு கார்பன், மூன்று, நான்கு. பக்கத்தில் கேன் கழுவிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் செம்மண்டலத்தில், பழக்க தோஷத்தில், "ஆசிட், பினாயில், பியூட்டேஏஏன்!" என்று கூவிவிட்டார். ஓர் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பியூட்டேன் ஒரு பாட்டில் குடுப்பா, பாத்ரூமுக்கு நல்லாருக்குமா?" என்று கேட்டாராம். அதையும் அப்பா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எம் பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப்பு படிக்குது, அது சொல்லித்தான் எனக்குத் தெரியும்." ஒவ்வொரு பினாயில் பாட்டிலோடும் இந்தச் செய்தி இலவசம்.

அந்த மனிதரிடம் போய், என்னைக் குரூப் மாற்றிவிட்டார்கள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

நாலு கை வேண்டும்

ஸ்டெல்லா டீச்சர் பென்சீனை எடுத்தார். ஆறு கார்பன் கைகோத்து வட்டமாக நிற்கும், நீங்களும் ஆறு பேர், கடவுளே அனுப்பி வைத்த கணக்கு என்றார். ஒவ்வொரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும். பக்கத்துக் கார்பன்களோடு ஒரு பக்கம் ஒற்றைப் பிணைப்பு, மறு பக்கம் இரட்டைப் பிணைப்பு. ஆக மொத்தம் நாலு.

"டீச்சர், எங்களுக்கு ரெண்டு கைதான இருக்குது?" என்றாள் நஸ்ரின். லால்பேட்டைக்காரி, கடலூரில் மாமி வீட்டில் தங்கிப் படித்தாள். பெட்ரோல் பங்க் வாசனையைப் பிடிப்பதற்காகவே பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருகிறவள். ஹைட்ரோகார்பன் பாடத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே பகுதி அதுதான்.

நாலு கை கண்டுபிடிக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. ஹைட்ரஜனுக்கு, தலையில் வெள்ளை பலூன். ஆயிற்று ஒன்று. கறுப்புத் துப்பட்டாக்களை இடுப்போடு இடுப்பாக முடிந்து ஆறு பேரையும் ஒரு வளையமாகக் கட்டினோம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, ஆயிற்று மூன்று. நாலாவது பிணைப்புக்கு என்ன செய்வது?

"கோல் அடிக்கலாமா டீச்சர்?" என்றாள் கோகிலா. அவள் வடலூர்ப் பக்கத்துக் கிராமம், இங்கே ஹாஸ்டலில் இருந்தாள். ஆடி மாதம் அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கோலாட்டம் ஆடியே வளர்ந்தவள். துப்பட்டா கட்டியிருக்கிற ஜோடிக்குள் கோலும் அடித்தால் அங்கே இரண்டு பிணைப்பு. அடிக்காத பக்கம் துப்பட்டா மட்டும், ஒற்றைப் பிணைப்பு. டீச்சர் கோகிலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஐந்து ஹைட்ரஜன் போட்ட கோகிலாவை!

ஒரு கட்டளை மட்டும் போட்டார். "யார் யாரோட ஜோடியோ, கடைசி வரைக்கும் அவுங்களோட மட்டுந்தான் அடிக்கணும். புக்ல படம் எப்பிடியிருக்கோ அப்பிடி. ஜோடி மாறுனா இரட்டைப் பிணைப்பு இடம் மாறிடும், எல்லாம் தப்பாயிடும். புரியுதா?"

புரிந்தது. பாட்டையும் நாங்களே கட்டினோம். "ஆறு கார்பன் கூடுங்கடி, ஆளுக்கொரு ஹைட்ரஜன் சூடுங்கடி" என்று தொடங்கும். அதற்கு மேல் எழுதினால் இந்தப் பத்திரிகை விற்காது.

கை தானாகத் திரும்பியது

எங்களுக்கு முன்னால் ஆடிய குழுக்களில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் அரக்கன். ஒருவனை விட்டால் இன்னொருவன் வந்து சிரித்தான், பூமித்தாய் வந்து அழுதாள். நடுவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர், ஒல்லியான மனிதர், கன்னத்தில் கை வைத்துக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஏறினோம். தலையில் இட்லியோடு நான். பாட்டு தொடங்கியது. முதல் அடி சரியாக விழுந்தது, நானும் நஸ்ரினும், கோகிலாவும் அவள் ஜோடியும், மிச்சம் இருவர். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில்தான் எமன். விசில் கேட்டதும் கோகிலாவுக்கு ஊர்க் கோயில் ஞாபகம் வந்துவிட்டது. கோலாட்டத்தில் வலப் பக்கம் ஒரு அடி என்றால் அடுத்தது இடப் பக்கம்தானே? அவள் கை தானாகத் திரும்பி, என் கோலில் வந்து அடித்தது.

நான் என்ன செய்வேன்? அடி வாங்கிய கோலைச் சும்மா வைத்திருக்க முடியுமா? நானும் அடித்தேன். என்னை இழந்த நஸ்ரின் அந்தரத்தில் கோலை ஆட்டிவிட்டு, தன் மறுபக்கம் திரும்பி அங்கே நின்றவளை அடித்தாள். ஒரு சுற்றில் எல்லோருமே திரும்பிவிட்டோம். அடுத்த அடிக்குப் பழையபடி இந்தப் பக்கம். அதற்கடுத்து அந்தப் பக்கம். நிறுத்தவும் முடியவில்லை, பாட்டு ஓடுகிறது. வலது, இடது, வலது, இடது.

"ஜோடி மாறுதுடி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியுதுடி, கை கேக்கல!" என்றாள் கோகிலா.

திரை ஓரத்தில் ஸ்டெல்லா டீச்சர் தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்பாவின் சைக்கிள் மணி காதில் கேட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது, அவ்வளவு நன்றாக நாங்கள் ஒத்திகையில்கூட ஆடியதில்லை.

ஆடி முடித்ததும் பார்த்தால், அந்த ஒல்லிப் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார்.

"ஏம்மா, இந்த ஜோடி மாத்தறது யார் சொல்லிக் குடுத்தது?"

கோகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தப்புதான் சார். எங்கூருல ஒரே ஆளோட அடிக்க மாட்டோம் சார். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பழக்கத்துல வந்துருச்சி."

"சரி. இப்ப உங்க வளையத்துல இரட்டைப் பிணைப்பு எங்க இருக்கு? உனக்கும் அவளுக்குமா, அவளுக்கும் இவளுக்குமா?" அவர் விரல் என் மேல் நின்றது. "நீ சொல்லு. தலையில துணி கட்டியிருக்க பொண்ணு."

நான் துப்பட்டா வளையத்தைப் பார்த்தேன். நஸ்ரினைப் பார்த்தேன், கோகிலாவைப் பார்த்தேன். சத்தியமாகப் பதில் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் அடித்த அடி என் கைக்குள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

"ஒருத்தருக்குன்னு இல்ல சார்" என்றேன். "எல்லாருக்கும் பொது சார். இன்னும் வேகமா ஆடுனா எது ஒற்றை, எது இரட்டைன்னு கண்டுபுடிக்க முடியாது. ஆறு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவர் மேஜையைத் தட்டினார். "உடனிசைவு! ரெசனன்ஸ்! இதைத்தாம்மா நான் வருஷா வருஷம் கத்திக்கிட்டு இருக்கேன்! கிட்டத்தட்ட சொல்லிட்ட. ஒரே ஒரு திருத்தம். பென்சீன்ல அது இப்பிடி மாறி மாறி ஆடறதுகூட இல்ல. எப்பவுமே பொதுதான்."

பக்கத்து நடுவர் தூக்கம் கலைந்து, என்ன நடந்தது என்று அவரிடம் விசாரித்தார். எனக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு குதிப்பு ஏறியது. பினாயிலுக்குப் பிறகு இதுதான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன், எல்லாம் கண்ணோடு சரி. இன்றைக்குத்தான் உள்ளே போயிற்று. தலையை வேகமாக ஆட்டினேன், இட்லி அவிழ்ந்து மேடையில் உருண்டது. கைதட்டல் அதற்குத்தான் ஜாஸ்தி.

முதல் பரிசு பிளாஸ்டிக் அரக்கனுக்கு. எங்களுக்கு ஆறுதல் பரிசு. ஆளுக்கு ஒரு சோப்பு டப்பா. பிளாஸ்டிக்.

சிதம்பரம் – கடலூர்

திரும்பி வரும் பஸ்ஸில் ஹெச்.எம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின் சீட்டில் ஆறு சோப்பு டப்பாவையும் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆறுதல் பரிசு பரிசில் சேருமா சேராதா என்று ஒரு விவாதம். "கையில பொருள் குடுத்தா பரிசுதாண்டி" என்பது நஸ்ரினின் தீர்ப்பு. புதுச்சத்திரம் தாண்டியதும் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அந்த சார் என்ன சொன்னாருன்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீ சொன்னது புரிஞ்சுது. நீ ஃபர்ஸ்ட் குரூப்லயே இரு. மத்த அஞ்சு பேரும் திங்கக்கிழமை மாறட்டும்."

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவர் பாட்டுக்குக் கூவிக்கொண்டு போகலாம். அப்புறம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கோகிலா டப்பாவைக் காதில் வைத்து, யாருக்கோ போன் பேசுவது போல நடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மேடம், நான் தனியா ஒண்ணும் சொல்லல மேடம். அவுங்க அடிச்சதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. அஞ்சு கார்பனை எடுத்துட்டா அது பென்சீனே இல்ல மேடம்."

"வேற என்னவாம் அது?"

"தெரியல மேடம். ஆனா பென்சீன் இல்ல."

ஹெச்.எம். சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஆலப்பாக்கம் வரைக்கும் சிரித்தார். "இந்த வாயி பரீட்சையில எங்கடி போவுது? சரி, ஆறு பேரும் இருங்க. ஆனா அரையாண்டுல எவ ஃபெயிலோ அவ மாறணும். அப்ப வந்து கார்பன் கதையெல்லாம் என்னாண்ட சொல்லக் கூடாது."

வெறி பிடித்த மாதிரி படித்தோம். நஸ்ரின் மாமி வீட்டு மொட்டைமாடியில், ஆளுக்கொரு பாடம் பிரித்துக்கொண்டு, படித்தவள் மற்றவர்களுக்கு ஆடிக் காட்ட வேண்டும். அரையாண்டு ரிசல்ட் வந்தது. ஐந்து பேர் பாஸ். கோகிலா எழுபதைத் தாண்டிவிட்டாள்.

ஃபெயில் நான் ஒருத்திதான். பென்சீனைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன், படம் போட்டேன், கலர் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மணி அடித்துவிட்டது. மற்ற கேள்விகள் எல்லாம் அப்படியே கிடந்தன.

ஹெச்.எம். அறையில் நின்றேன். சொன்ன சொல் சொன்னதுதானே, கார்பன் கதை எதையும் நான் எடுக்கவில்லை. பேனா மூடியைத் திறந்தவர் வாசலைப் பார்த்தார். ஐந்து பேரும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா?"

"எங்களையும் தேர்ட் குரூப்புக்கு எழுதிக்குங்க மேடம்" என்றாள் கோகிலா.

"பாஸான உங்கள எதுக்குடி மாத்தறது?"

"அவ போனா நாங்களும் போறோம் மேடம்." பின்னால் நின்ற நஸ்ரின் உடனே ஒத்து ஊதினாள். "ஆமா மேடம். அக்கவுண்டன்சி புக்குகூட விசாரிச்சிட்டோம்."

ஹெச்.எம். எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "என் ரிசல்ட்டைக் கெடுக்கறதுக்குன்னே ஒண்ணா சேந்துருக்கீங்க. எங்கண்ணு முன்னாடி நிக்காதீங்க. லேப்புக்குப் போங்க, எல்லாரும்."

வராந்தாவில் ஓடக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்த பலகைக்குக் கீழேயே ஓடினோம். லேப் வாசலில் ஸ்டெல்லா டீச்சர் நின்றிருந்தார். எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசியாக வந்தவள் நான். "லேட்டு" என்று அதட்டிவிட்டு, முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அமோனியா நெடி" என்றார்.

அன்றைக்கு அமோனியா பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை.